12 வருஷ ஐ.டி. வேலை: வளர்ச்சியை எப்படிக் கணக்கு எழுதுறது?

கண்டனூர்வாசி:
காரைக்குடியில வீட்டிலிருந்தே சர்வர் சப்போர்ட் வேலை, 12 வருஷமாச்சு. ஏப்ரல்ல அப்ரைசல் (வருஷாந்திர வேலை மதிப்பீடு). படிவத்துல "இந்த ஆண்டு உங்கள் வளர்ச்சி"ன்னு ஒரு கட்டம் இருக்கு. தீர்த்து மூடின டிக்கெட் (கோளாறுப் புகார்) எண்ணிக்கையைப் போட்டா போதுமா?

கோட்டையூரான்:
போதாது தம்பி. ஒரே கோளாறு மாசாமாசம் வந்தாலும் அந்த எண்ணிக்கை கூடும். நம்ம செட்டிநாட்டுக் கணக்கு முறையில எழுதுங்க: நாள்வழி (அன்றாடக் குறிப்பு), பேரேடு (தலைப்புவாரிக் கணக்கு), ஐந்தொகை (கடைசியில வரவு செலவைச் சரிபார்க்கிற கணக்கு). வெள்ளிக்கிழமை சாயங்காலம் 15 நிமிஷம் ஒதுக்கினா நாள்வழி முடிஞ்சுது. இப்படி:

"டிஸ்க் நிரம்பி சேவை நின்றது. லாக் கோப்பை அழித்தும் இடம் வரவில்லை. டிஎஃப் (டிஸ்க்கில் நிரம்பிய இடத்தைக் காட்டும் கட்டளை) 100% காட்டியது, டியூ (கோப்புகளின் அளவைக் கூட்டிக் காட்டும் கட்டளை) குறைவாகக் காட்டியது. அழித்த கோப்பைச் சேவை திறந்தே வைத்திருந்தது எல்எஸ்ஓஎஃப்பில் (திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை) தெரிந்தது. ரீஸ்டார்ட் செய்ததும் இடம் வந்தது. லாக்ரொட்டேட்டில் (பழைய லாக் கோப்புகளைச் சுழற்சி முறையில் ஒதுக்கும் கருவி), சுழற்சி முடிந்ததும் சேவையை ரீலோட் செய்யும் வரி சேர்த்தேன். 8 வாரமாகத் திரும்ப வரவில்லை."

கடைசி வரியை 8 வாரம் கழிச்சுத்தான் எழுதணும். மேலதிகாரி தேடுறது அந்த வரியைத்தான். 3 மாசத்துக்கு ஒருக்கா தலைப்புவாரியா பேரேட்டுல ஏத்திடுங்க. மார்ச்சில ஞாபகத்துல இருந்து எழுத உட்கார்ந்தா, ஜனவரிக்கு முந்தி செஞ்சதெல்லாம் விட்டுப்போகும்.

தேவகோட்டை அக்கா:
பற்றும் (தவறிப்போனதும்) எழுதணும். 2 நாள்னு சொன்ன வேலை 6 நாளானா, எந்தப் படியைக் கணக்குல சேர்க்கலைன்னு குறிச்சு வைங்க. வரவை மட்டும் எழுதின ஏடு ஐந்தொகையில நேராகாது. இன்னொண்ணு, வாடிக்கையாளர் பேரு, ஐபி முகவரி, பாஸ்வேர்ட், கோட் எதுவும் சொந்த நோட்டுல வரவே கூடாது.

கண்டனூர்வாசி:
ரொம்ப நன்றிக்கா, நன்றிண்ணே. ஜூனியருக்குச் சொல்லிக்கொடுத்ததை எப்படி எழுதுறது?

கோட்டையூரான்:
அந்தக் காலத்துல நம்ம ஊருக்காரங்க பர்மா, மலேயாவுல நடத்தின கடைகள்ல, பெட்டியடிப் பையனை (வேலை பழகுற பையன்) அடுத்தாளாக்கும்போது (கடைப் பொறுப்பாளருக்கு அடுத்த நிலை), எதை நம்பி ஒப்படைக்கலாம்னு பார்ப்பாங்க. நீங்களும் அதையே எழுதுங்க. முதல்ல நீங்க ரன்புக் (வேலையைப் படிப்படியா எழுதின குறிப்பு) எழுதி, அதைப் பார்த்து டேட்டாபேஸ் பேக்கப்பை டெஸ்ட் சர்வர்ல ரீஸ்டோர் செய்ய (மீட்டெடுக்க) ஜூனியர்கிட்ட சொல்லுங்க. பக்கத்துல உட்காருங்க, வாயே திறக்காதீங்க. அவர் திகைச்சு நிக்கிற இடமெல்லாம் ரன்புக்ல விட்டுப்போன படி. உங்களுக்குக் கைப்பழக்கமா இருக்கறதால எழுதாம விட்டிருப்பீங்க. திருத்திட்டு, அடுத்த மாசம் வேற ஒருத்தரை உட்கார வைங்க. கட்டத்துல ஒரே வரி: "உதவியில்லாமல் ரீஸ்டோர் செய்யத் தெரிந்தவர்கள்: போன ஏப்ரலில் 1, இந்த மார்ச்சில் 3."