சங்குக்குப் போடு எண்டவைக்கு வாக்கு இருந்ததா? (சனாதிபதித் தேர்தலும் புலம்பெயர்ந்தோரும்)

பனங்கூடல்
2024 செப்டெம்பர் 21 இலங்கைச் சனாதிபதித் தேர்தலுக்கு முதல் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் பக்கமிருந்து ரெண்டு குரல்தான் கேட்டது. ஒண்டு ‘புறக்கணி’, மற்றது ‘சங்குக்குப் போடு’, எண்டால் தமிழ்ப் பொது வேட்பாளரின்ர சின்னத்துக்குப் போடு. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்ட முடிவு வந்த பிறகு, ‘சனம் எங்களை மதிக்கேல்லை’ எண்டு கோவம். சஜித் 121,177, சங்கில நிண்ட அரியநேத்திரன் 116,688, ரணில் 84,558, அனுர 27,086. வெளியில இருந்து கத்தவிடுறதை விட வெளியில இருந்தே வாக்குப் போட விடுறது நல்லது. தூதரகத்தில ஒரு பெட்டி வைக்க என்ன கஷ்டம்? பிலிப்பைன்ஸ் 2004 சனாதிபதித் தேர்தலிலேயே செய்து காட்டிட்டுது.

கச்சேரிக்காரன்
பெட்டி வைக்கலாம் அண்ணை. ஆருக்கு வைக்கிறது? கனடா, பிரித்தானியக் குடியுரிமை எடுத்த அன்றே இலங்கைக் குடியுரிமை போய்விடும். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து எடுத்தவர்தான் திரும்பவும் இலங்கைக் குடிமகன். அவர் தேருநர் இடாப்பில் (வாக்காளர் பட்டியலில்) பெயர் இருந்தால் வாக்களிக்கலாம், ஆனால் 2022 இல் வந்த 21ஆம் திருத்தத்துக்குப் பிறகு தேர்தலில் நிற்க முடியாது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் சங்குக்கு மேடை போட்டவர்களில் இரட்டைக் குடியுரிமை எடுக்காமல் கனடாக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறவர்களுக்கு, தூதரகத்தில் நூறு பெட்டி வைத்தாலும் வாக்கு இல்லை. நீங்கள் கேட்கிற உரிமை உண்மையில் டோகாவிலும் ரியாத்திலும் குவைத்திலும் வேலை செய்கிறவர்களுடையது.

பாலைவனத்தான்
கச்சேரி அண்ணன் சொல்றது சரி. இங்க வளைகுடாவில இருக்கிற எல்லாரும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். ஆனா வீட்டு வேலைக்கு வந்த பிள்ளைகளில கனபேருட கடவுச்சீட்டு முதலாளியிட அலுமாரியில. வெள்ளிக்கிழமை லீவு கிடைக்காதவங்க முந்நூறு கிலோமீற்றர் தாண்டித் தூதரகத்துக்கு எப்படிப் போற? பெட்டியைத் தலைநகரத்தில மட்டும் வெச்சா கார் இருக்கிற ஆக்கள்தான் போடுவாங்க. தபால் எண்டால் இன்னும் மோசம், கம்பனிட தபால் பெட்டிக்குத்தான் கடிதம் வரும். வாக்குச்சீட்டை முதல்ல பிரிக்கிறவர் யாரு?

பனங்கூடல்
இதெல்லாம் செய்யக்கூடாது எண்டதுக்குக் காரணமில்லை தம்பி. செய்யேக்க தீர்க்கவேண்டிய பிரச்சினை. ஒரு நாள் வாக்கெடுப்பை முப்பது நாளாக்கினால் லீவுப் பிரச்சினை குறையும். பிலிப்பைன்ஸ்காரர் 2022 இல் ஏப்ரல் 10 தொடங்கி மே 9 வரை வெளிநாட்டில வாக்கெடுத்தவை. பதிஞ்ச வெளிநாட்டு வாக்காளர் 17 இலட்சத்துக்குக் கிட்ட.

கச்சேரிக்காரன்
முப்பது நாளா? நாட்காட்டியைப் பாருங்கள். 2024 இல் நியமனப் பத்திரம் ஏற்றது ஆகஸ்ட் 15. வாக்கெடுப்பு செப்டெம்பர் 21. இடையில் 37 நாள். வேட்பாளர் யார் என்று தெரிந்த பிறகுதான் வாக்குச்சீட்டே அச்சுக்குப் போகும். நாற்பதுக்குக் கிட்டப் பெயர், மூன்று மொழி, சின்னங்கள்; சீட்டு இரண்டடிக்கு மேல் நீளம். உள்நாட்டில் அரச ஊழியருக்கும் படைகளுக்கும் தபால் வாக்கெடுப்பே செப்டெம்பர் 4 இல்தான் தொடங்கியது. அதே சீட்டு அன்றே டோகாவுக்குப் போய்ச் சேர்ந்தாலும் திரும்பி வர 17 நாள். தேர்தல் நாள் 4 மணிக்குப் பிறகு வரும் உறையை எண்ண முடியாது. நியமனத்துக்கும் வாக்கெடுப்புக்கும் இடையிலுள்ள 4 முதல் 6 கிழமை என்ற சட்டக் காலத்தை நீட்டாமல் இதைத் தொடங்கினால் வீணாகிப் போகும் சீட்டுத்தான் கூட இருக்கும்.

அதோடு பிலிப்பைன்ஸில் கூடின வாக்குப் பெற்றவர் வென்றார், கதை முடிஞ்சுது. இங்கே 1, 2, 3 என்று விருப்பு இடலாம்; ஒருவருக்கும் பாதிக்கு மேல் இல்லாவிட்டால், முதல் இருவர் தவிர்ந்த மற்றவர்களின் சீட்டில் அந்த இருவருக்கு இட்ட 2, 3 எண்ணப்படும். அதைத் தெரியப்படுத்தாமல் வாக்கு மட்டும் கொடுத்து என்ன பயன்?

நெய்தல்
விருப்பு வாக்கை ஆர் விளங்கிப் போட்டவை? 2024 இல் முதல் சுற்றில அனுர 5,634,915 (42.31%), சஜித் 4,363,035. ரெண்டு பேரும் பாதியைத் தாண்டாதபடியால், வரலாற்றிலேயே முதல் தரம் இரண்டாம் கட்ட எண்ணுகை. மற்ற 36 பேருக்கும் விழுந்த சீட்டு 33 இலட்சத்துக்கு மேல. அதிலயிருந்து அனுரவுக்கு வந்தது 105,264, சஜித்துக்கு 167,867. நூறு சீட்டில எட்டுச் சீட்டுத்தான் எண்ணுற மேசையில ரெண்டாந்தரம் உசிரோட இருந்தது. மிச்சம் ‘1’ஓட நிண்டது, இல்லாட்டி 2ம் 3ம் வெளியேறின ஆக்களுக்கே விழுந்திருக்கு. சங்குக்குப் போடச் சொன்னவை ‘2ஐ ஆருக்குப் போடுறது’ எண்ட கேள்விக்கு மறுமொழி வைச்சிருந்தால் அதுக்குப் பேர் அரசியல். புறக்கணிப்புக்காரரோட எனக்குக் கதையே இல்லை.

பனங்கூடல்
கணக்கை முழுக்கச் சொல்லும். அரியநேத்திரனுக்கு நாடு முழுக்க 226,343. அத்தனையும் சஜித்துக்குப் போயிருந்தாலும் முதற்சுற்று வித்தியாசம் 12 இலட்சத்து 70 ஆயிரம். ஒண்டும் மாறியிராது.

நெய்தல்
2024 இல் மாறாது, 2005 இல் மாறியிருக்கும். வென்ற மகிந்தவுக்கும் தோத்த ரணிலுக்கும் இடையில 180,786 வாக்கு. புலிகளின்ர புறக்கணிப்பால யாழ் மாவட்டத்தில விழுந்தது 1.2 வீதம். இடாப்பில இருந்தது 701,938 பேர், வாக்குப் போட்டது எட்டாயிரத்துச் சொச்சம்.

கச்சேரிக்காரன்
அந்த ஏழு இலட்சத்தை நம்பாதீர்கள். செத்தவர், கப்பல் ஏறினவர் எல்லாம் அதிலே இருந்தார்கள். நிலைமை தெரியாமல் அதை வைத்துக் கணக்குப் போடுகிறவர்களே அதிகம். இருந்தாலும் உள்ளவரில் பாதிப்பேர் போட்டிருந்தாலே 180,786ஐத் தாண்டியிருக்க இடமுண்டு, அதை மறுக்கவில்லை. பிறகு இடாப்பைத் துப்புரவாக்கினபோது என்ன நடந்தது? 2010 இல் யாழ் மாவட்டத்துக்கு 9 பாராளுமன்ற ஆசனம், 2024 இல் 6. ஆசனம் இடாப்பில் உள்ளவர் எண்ணிக்கைப்படிதான்; ஆட்கள் வெளியே போன கணக்கு அங்கேதான் வெட்டியது. வெளிநாட்டு வாக்கைச் சனாதிபதித் தேர்தலோடு மட்டும் தொடங்கலாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். அங்கே நாடு முழுக்க ஒரே தொகுதி, ஆசனச் சண்டை வராது.

பனங்கூடல்
அப்ப நீர் எதிர்ப்பில்லை!

கச்சேரிக்காரன்
இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு எதிர்ப்பில்லை. குடியுரிமையைக் கைவிட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்குப் பாடம் எடுக்கிறவருக்கு எதிர்ப்பு.

நெய்தல்
நான் கடைசிவரை எதிர்ப்பு. குவைத்தில மலிஞ்ச தங்குமிடத்தில ஒரு ஏஜென்சிக்காரன் இருபது பேரை வானில ஏத்திக்கொண்டு போய் ‘இந்தப் பெட்டிக்குள்ள போடு’ எண்டால் கேட்கப்போறது ஆர்? ஊரில எண்டால் கட்சி முகவர் வாக்குச்சாவடிக்குள்ள இருப்பார், ஆள்மாறாட்டம் எண்டு சந்தேகம் வந்தால் எழும்பிக் கேப்பார்.

பாலைவனத்தான்
தூதரகத்துக்குள்ளயும் கட்சி முகவர் இருக்கலாம், அது ஒரு சட்டத் திருத்தம். அதெல்லாம் வரும்வரைக்கும், அடுத்த தேர்தலுக்கு லீவுல வந்து போட நினைக்கிறவங்க என்ன செய்யணும்? அதச் சொல்லுங்க முதல்ல.

கச்சேரிக்காரன்
இடாப்பைக் கணக்கெடுக்கும் நாள் ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி 1. ஜீ.எஸ். (கிராம அலுவலர்) வீட்டுக்குத் தரும் பீ.சி. எனும் வாக்காளர் கணக்கெடுப்புப் படிவத்தில் வீட்டுத் தலைவர் பெயரைச் சேர்க்கவேண்டும். ‘பிள்ளை வெளிநாட்டில்’ என்று வாயால் சொல்லிவிட்டுப் படிவத்தில் எழுதாமல் விட்டால் நீக்கும் பட்டியலுக்குப் போகும். அந்தப் பட்டியல் ஜீ.எஸ். அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் காட்சிக்கு வைக்கப்படும், ஆட்சேபிக்கத் தவணை உண்டு. ஊரில் யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். தேர்தல் ஆணைக்குழு இணையத்தளத்திலும் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுத் தேடலாம். வாக்களிக்க வரும்போது வாக்காளர் அட்டை கட்டாயமில்லை; அடையாள அட்டை, இல்லாவிட்டால் காலாவதியாகாத கடவுச்சீட்டு காணும். 2024 இல் காலை 7 முதல் மாலை 4 வரை. மத்தியானம் கட்டுநாயக்காவில் இறங்கினால் பருத்தித்துறைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர ஏலாது, முதல் நாளே வாருங்கள்.