13 டாலர் சம்பளத்தில் சிப்பாய் குடும்பம் எப்படிப் பிழைத்தது?

கேள்வி:
அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றாலே லிங்கன், கிரான்ட், லீ என்றுதான் பேச்சு போகிறது. எனக்கு வேண்டியது வடக்குப் படையில் மாதம் 13 டாலருக்குச் சேர்ந்த சாதாரண விவசாயி. அவன் போனபிறகு வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது?

பதில்:
சிரமப்பட்டுத்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டிய சம்பளம் பல மாதம் இழுத்தடிக்கும். 1864இல் 16 டாலர் ஆக்கினார்கள், அதற்குள் விலைவாசி எகிறிவிட்டது. உழவும் அறுப்பும் மனைவி, பிள்ளைகள் தலையில். தபால்தலை இல்லாவிட்டால் உறைமேல் ‘சிப்பாய் கடிதம்’ என்று எழுதி அனுப்புவான். காசைக் கட்டி வாங்குவது வீட்டுக்காரிதான்!

பதில்:
அவன் செத்துப்போனால்? (குண்டைவிட வயிற்றுப்போக்கும் டைபாய்டும் மாதிரியான நோய்கள்தான் அதிகம் பேரைக் கொன்றன.) 1862 சட்டப்படி சாதாரண சிப்பாயின் விதவைக்கு மாதம் 8 டாலர். ஆனால் கல்யாணம் நடந்ததை நிரூபிக்க வேண்டும். சான்றிதழ் இல்லாதவர்கள் பிறப்பு, திருமணம் குறித்துவைத்த பக்கத்தைக் குடும்பப் பைபிளிலிருந்தே கிழித்து அனுப்பினார்கள். வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஓய்வூதியக் கட்டுகளில் அவை இன்னும் இருக்கின்றன. ஒன்றை ஸ்கேனில் பார்த்தேன். கிழித்த ஓரம் கோணல்மாணலாக அப்படியே இருக்கிறது.

பதில்:
கறுப்பினச் சிப்பாய்க்கு அந்த 13கூட இல்லை. 10 டாலர், அதிலும் உடைக்கு 3 பிடித்தம். 1864 ஜூனில்தான் சமமாக்கினார்கள். அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்காததால், கணவன் மனைவியாக வாழ்ந்ததற்குச் சாட்சிகள் இருந்தால் விதவைக்குப் போதும் என்று அடுத்த மாதமே விதி மாற்றினார்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, அந்தப் பைபிள் தாளைத் திருப்பித் தரவே இல்லையா?