கரண்ட் வருகிறது, மோட்டார் மட்டும் எடுக்கவில்லை

படகின் பின்னால் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டார் வைத்திருப்பவர்கள், தீப்பொறிக்குக் கரண்ட் தரும் காயிலைப் புதிதாக வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் இரண்டு மாதம் அலைந்து தெரிந்துகொண்டது.

எங்கள் படகில் இருப்பது 15 குதிரைசக்தி, இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக், கயிறு இழுத்துக் கிளப்புவது. ஒரு ஞாயிறு காலை அண்ணனும் நானும் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுப் பக்கம் மீன் பிடிக்கப் போனோம். நீர் வற்றிய நேரம். கரையோரம் மூழ்கிக் கிடந்த மரத்தில் புரொப்பெல்லர் 'டங்' என்று இடித்து மோட்டார் நின்றது. மறுபடி இழுத்தால் கயிறு பின்னுக்குப் பிடுங்கியது. மணிக்கட்டு வீங்கிவிட்டது. எப்படியோ கிளம்பினாலும் கார்புரேட்டர் வழியாகப் படபடவென்று துப்பியது, வேகம் எடுக்கவே இல்லை. இழுவைப் படகுகளும் பார்ஜுகளும் போய்வரும் தடம் அது. அதன் குறுக்கே தட்டுத் தடுமாறி எதிர்க்கரையில் உள்ள சாங்கி வந்து சேர்ந்தோம். அண்ணன் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிளக் மாற்றினேன். என்ஜிகே பி7எச்எஸ்-10. கடைசியில் வரும் அந்த 10 தான் தீப்பொறி தாண்டும் இடைவெளி 1.0 மில்லிமீட்டர் என்பதைச் சொல்கிறது, அது இல்லாத பிளக்கை எடுத்து வந்துவிடாதீர்கள். கார்புரேட்டரைக் கழுவினேன். இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஒரே மாதிரி இருந்தது. ஸ்டாப் சுவிட்ச் உப்பு பிடித்து கரண்டை எர்த் பண்ணுகிறதோ என்று அதன் ஒயரையும் கழற்றிப் பார்த்தேன். (ஒயரைக் கழற்றினால் சுவிட்சால் மோட்டாரை நிறுத்த முடியாது. சோக்கை இழுத்துத்தான் அணைக்க வேண்டும். தனியாக இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள்.) தீப்பொறி நீலமாக, பளிச்சென்று இரண்டிலும் வந்தது. பிறகு எதற்கு நான் சிடிஐ பெட்டியை (தீப்பொறிக்கான கரண்டைச் சேர்த்து வைத்து விடும் மின்பெட்டி) சந்தேகப்பட்டு மாற்றினேன் என்று இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அந்தக் காசு போனது போனதுதான்.

கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் மாமாதான் கண்டுபிடித்தார். "கரண்ட் வருது சரி மாப்ள, அது வரவேண்டிய நேரத்துக்கு வருதா?" என்றார்.

முதல் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைக்குள் ஒரு மூங்கில் சாப்ஸ்டிக்கை விட்டார். அவுட்போர்டில் சிலிண்டர் படுக்கையாக இருப்பதால் குச்சி நேராகப் போய் பிஸ்டனைத் தொடும். மோட்டார் தலையில் உள்ள மேக்னட் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, பிஸ்டன் உச்சிக்கு வந்த இடத்தில் நிறுத்தினார். அப்போது சக்கரத்தில் உள்ள உச்சிக்குறி, மோட்டாரில் அசையாமல் இருக்கும் முள்ளுக்கு நேராக நிற்க வேண்டும். எங்களுடையது முள்ளைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் போயிருந்தது.

புல்லர் என்ற கழற்றும் கருவி போட்டுச் சக்கரத்தை எடுத்தோம். உள்ளே தண்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அரைநிலா வடிவில் ஒரு சின்னக் கீ இருக்கும். அது பாதி வெட்டுப்பட்டுப் படி விழுந்திருந்தது. 20 மில்லி தடிமன் உள்ள தண்டில் கீ 1 மில்லி நகர்ந்தாலே டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், கிட்டத்தட்ட 6 டிகிரி மாறிவிடும். மரத்தில் இடித்தபோது தண்டு சட்டென்று நின்றது, கனமான சக்கரம் ஓடிய வேகத்தில் முன்னால் நகர்ந்துவிட்டது. சக்கரத்தின் காந்தம், தீப்பொறி விடச் சொல்லும் பல்சர் காயிலை முன்கூட்டியே கடக்கிறது, பிஸ்டன் மேலே வருவதற்கு வெகு முன்பே தீ பிடிக்கிறது. கயிறு கையைப் பிடுங்கியது அதனால்தான். அப்படியே முழு வேகத்தில் ஓட்டியிருந்தால் பிஸ்டனில் ஓட்டை விழுந்திருக்கும்.

இடித்தது மட்டும் காரணம் இல்லை. அதற்கு முந்தைய வருடம் ஒரு பட்டறையில் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். தண்டின் கூம்புப் பகுதியில் கிரீஸ் இருந்தது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கூம்பின் இறுக்கம்தான், கீ இடத்தைக் காட்டுவதற்கு மட்டும். மாமா இரண்டு பக்கமும் தின்னர் போட்டுத் துடைத்துக் காயவைத்தார். மோட்டாருக்கு உரிய புதுக் கீ போட்டு, டார்க் ரெஞ்ச் வைத்துப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு நட்டை முறுக்கினார். கெட்டி இரும்பைத் தேய்த்துக் கீயாகப் போடலாமா என்று அண்ணன் கேட்டதற்கு மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது. பிறகு டிரம்மில் தண்ணீர் நிரப்பி மோட்டாரை இறக்கினோம். இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. தீப்பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டை அடித்துப் பார்த்தோம். டைமிங் குறி முள்ளில் அசையாமல் நின்றது.

பதில்:

எனக்கு நடந்தது வேறு மாதிரி, ஆனால் இதுவும் டைமிங் பக்கம்தான். நான் சாங்கிக்கு எதிரே ஒரு கேலோங்குக்கு (கடலில் கட்டிய மீன்பிடி மேடை) சாமான் கொண்டுபோவேன். காலையில் அருமையாகக் கிளம்பும். இருபது நிமிடம் ஓடியதும் ஒரு சிலிண்டர் செத்துவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். ஆறியபின் மீட்டர் வைத்தால் காயில் எல்லாம் சரியான அளவு காட்டியது. கடைசியில் வீட்டம்மாவின் ஹேர் ட்ரையரை எடுத்துப்போய் பல்சர் காயிலைச் சூடாக்கிக்கொண்டே அளந்தேன். சூடு ஏற ஏற மீட்டர் முள் ஆடி, சட்டென்று இணைப்பே அறுந்தது போலக் காட்டியது. அந்த ஒரு காயிலை மட்டும் மாற்றினேன். சக்கரத்தை மாட்டும்போது கூம்பில் கிரீஸ் தடவினேனா என்று இப்போது எனக்கு நினைவில்லை. நாளைக்கே கழற்றிப் பார்க்கிறேன்.