டிராக்‌ஷன்: இழுவையா, பற்றா, பிடிப்பா?

மொழிபெயர்ப்பவர் எழுதியது:
அன்பர்களே, பழைய படை லாரிகளைப் பராமரிப்போருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். அமெரிக்கப் படையின் எம்35, இரண்டரை டன் லாரி, பத்துச் சக்கரம், 9.00-20 டயர். மழைச்சாலை பற்றிய இயலில் டிராக்‌ஷன் வரிக்கு வரி வருகிறது; சக்கரம் வழுக்காமல் தரையைப் பிடித்துக்கொள்வதைச் சொல்லும் சொல். ‘இழுவை’ என்றே எழுதி வந்தேன். ‘பிரேக் பிடிக்கையில் இழுவை குறைகிறது’ என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. நிற்க வேண்டிய வண்டிக்கு இழுவை எதற்கு?

இலக்கண ஆசிரியர் எழுதியது:
நியாயமான ஐயம். இழுவை ‘வை’ ஈற்றுப் பெயர். போர்வை, கோவை போல. இழுப்பதற்கு மட்டுமே பொருந்தும். என் பரிந்துரை: தரைப்பற்று. வள்ளுவர் ஒரே குறளில் (350) பற்றை ஆறு முறை ஆண்டிருக்கிறார். மனிதன் பற்று விட்டால் வீடு; டயர் பற்று விட்டால் பள்ளம்.

பட்டறைக்காரர் எழுதியது:
ஐயா, படை லாரியில் தரைப்பற்று என்று எழுதினால் நாட்டுப்பற்று என்றுதான் படிப்பார்கள். நாங்கள் சொல்வது கிரிப். பட்டன் (டயர் முகத்து ரப்பர் மேடு) தேய்ந்தால் கிரிப் போச்சு, அவ்வளவுதான். ஆனால் இந்த லாரிகளில் பட்டன் தேயாமலே கிரிப் போகும். சேற்றில் முன்னும் பின்னும் ஒரே மாதிரி உந்துவதற்காக அமைத்த பழைய டயர் அது. கட்டை கட்டையான பட்டன். அதன் முகத்தில் மெல்லிய கீறல்கள் கிடையாது, தார்ச்சாலையின் நீர்ப்படலத்தைத் துடைக்க வழியில்லை. போதாததற்கு, வண்டி ஆண்டுக்கணக்கில் நின்றே கிடக்க, ரப்பர் காற்றுப்பட்டு இறுகிவிடும். 2000க்குப் பின் வந்த டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 3109 என்றால் 2009ஆம் ஆண்டின் 31ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் ஆழத்தை மட்டும் அளப்பவர் ஏமாறுவார். சொல் எதுவானாலும் இதைக் கையேட்டில் எழுதுங்கள்.

தனித்தமிழ் அன்பர் எழுதியது:
கிரிப் வேண்டாம். ‘ஈரப்பிடிப்பு’ என்று நான் வைக்கிறேன். மகர ஈறு கெட்டு வல்லினம் மிகுந்திருக்கிறது. புணர்ச்சியில் பிழை காண முடியாது.

இலக்கண ஆசிரியர் எழுதியது:
புணர்ச்சி சரி, பொருள்தான் புரண்டுவிட்டது. மண் ஈரத்தைப் பிடித்து வைப்பதாக அல்லவா தொனிக்கிறது? தவிர, பிடிப்பு என்றாலே மூச்சுப்பிடிப்பு, தசைப்பிடிப்பு, சம்பளப் பிடிப்பு.

தனித்தமிழ் அன்பர் எழுதியது:
பற்று மட்டும் தூயதோ? கணக்கில் பற்று வரவு, நெற்றியில் பற்று! வேருக்கே போவோம். ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல்’ (குறள் 415). இழுக்கல் என்றால் வழுக்கல். இழு, இழுக்கு, இழுது எல்லாம் ஒரே வேராக இருக்கலாம். அப்படியானால் ‘இழுவை குறைகிறது’ என்பதற்கு வழுக்கல் குறைகிறது என்று பொருள்!

பட்டறைக்காரர் எழுதியது:
வேரைத் தோண்டியது போதும், லாரி இன்னும் வழுக்கிக்கொண்டிருக்கிறது.

இயற்பியல் ஆசிரியை எழுதியது:
சக்கரம் உந்தினாலும் நிறுத்தினாலும் திருப்பினாலும் தரையோடு நடப்பது ஒரே உராய்வுதான். திருப்பத்தில் பிரேக் மிதித்தால் இரண்டு வேலைக்கும் அதையே பங்கிட வேண்டும். ஆகவே திசை சொல்லாத சொல்லே வேண்டும், இழுவை தள்ளுபடி. உராய்வுக் கெழு உலர்சாலையில் 0.7, நனைந்ததில் 0.4 என்று கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் சுமார் 20 மீட்டரிலிருந்து 35 மீட்டராகிறது.

இன்னொன்று. இதை நீர்மிதப்போடு, அதாவது டயர் தரையைத் தொடாமல் தண்ணீர்மேல் மிதப்பதோடு, குழப்பாதீர்கள். விமான டயர்களுக்கு நாசா தந்த கணக்குப்படி, காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால் மிதக்கத் தொடங்கும் வேகம், மணிக்கு மைலில். சதுர அங்குலத்துக்கு 49 பவுண்டு அழுத்தம் என்றால் 72 மைல். இந்தக் கிழ லாரி அந்த வேகத்துக்கு எங்கே போகிறது! அது மிதப்பதில்லை, வழுக்குகிறது.

மொழிபெயர்ப்பவர் எழுதியது:
நன்றி அம்மா. ‘பிடிப்பு’ என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் கிரிப். தலைப்பு ‘நனைந்த சாலையில் டயர்ப் பிடிப்பு’. நால்வர் சம்மதம் என்று கொள்ளலாமா?

இலக்கண ஆசிரியர் எழுதியது:
மூவர். நான் பற்றை விடவில்லை.

தனித்தமிழ் அன்பர் எழுதியது:
தலைப்பு போகட்டும். உள்ளே ‘பட்டன்’ என்று இருபது இடத்தில் வருமே, அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்?