400 பேருக்கான இணையவழிப் பயிலரங்கு: வருகைப்பதிவு, சான்றிதழ், செய்முறை மூன்றையும் எப்படித் திட்டமிடுவது?

துறைப்பொறுப்பு

வணக்கம். அடுத்த மாதம் எங்கள் துறை சார்பில் மூன்று நாள் இணையவழிப் பயிலரங்கு. பொருள்: பைத்தான் கொண்டு தரவுப் பகுப்பாய்வு. நாளொன்றுக்கு 90 நிமிட அமர்வு இரண்டு. மாணவர்களும் பிற கல்லூரி ஆசிரியர்களுமாக 400 பேர் வரை பதிவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். கையில் இருப்பது 300 பேர் கொள்ளும் ஜூம் கணக்கு ஒன்று, துறையின் பெயரில் ஒரு சாதாரண ஜிமெயில்.

300ஐத் தாண்டினால் மற்றவர்களை எங்கே உட்கார வைப்பது? வருகையை எதை வைத்து முடிவு செய்வது? சான்றிதழை எப்படி அனுப்புவது? மாணவர்களில் பாதிப் பேரிடம் மடிக்கணினி கிடையாது, கைபேசிதான். செய்முறைப் பகுதியை அவர்களுக்கு எப்படி நடத்துவது?

வலைவாசி

கடைசியில சான்றிதழ் அச்சாகும்போது என்னென்ன விவரம் வேணும்னு முதல்ல எழுதி வச்சுக்கோங்க. அப்புறம் பதிவுப் படிவத்தைத் திறங்க. பெரும்பாலும் நடக்கிறது தலைகீழ். போஸ்டருக்கு ஒரு வாரம் போகும், படிவம் அரை மணி நேரத்துல முடியும்.

பெயர்க் கேள்விக்கு வெறும் ‘பெயர்’னு போடாதீங்க. ‘சான்றிதழில் அச்சாக வேண்டியபடி பெயர், இனிஷியலுடன்’னு கேளுங்க. கல்லூரிப் பெயரைக் கைப்பட அடிக்க விட்டா ஒரே கல்லூரி எட்டு விதமா வரும். தெரிஞ்ச கல்லூரிகளைக் கீழிறங்கும் பட்டியல்ல கொடுத்து, கடைசியில ‘பட்டியலில் இல்லை’ன்னு ஒண்ணு வைங்க. மாணவரா ஆசிரியரா என்பதைக் கட்டாயக் கேள்வியாக்கி, பதிலுக்கு ஏத்தபடி அடுத்த பகுதி மாறணும்: ஆசிரியருக்குப் பதவியும் துறையும், மாணவருக்கு ஆண்டும் பாடப்பிரிவும். அடையாள அட்டை வேணும்னு கோப்பு பதிவேற்றும் கேள்வியைச் சேர்க்காதீங்க. சேர்த்தா கூகுள் கணக்குல நுழைஞ்சவங்க மட்டும்தான் படிவத்தை நிரப்ப முடியும். கோப்பெல்லாம் உங்க டிரைவ்லதான் இடம் பிடிக்கும்.

300, 400 விஷயம்: இலவச நிகழ்ச்சிக்குப் பதிஞ்சவங்க எல்லாரும் வரமாட்டாங்க, சரி. ஆனா முதல் நாள் முதல் அமர்வுலதான் கூட்டம் உச்சத்துல இருக்கும். அந்த நேரத்துல ‘இடம் இல்லை’ன்னு திரையில வந்தா வாட்ஸாப் குழு பத்திக்கும். படிவத்துலயே ‘கூடவே செய்து பார்ப்பேன்’, ‘கேட்க மட்டும் வருவேன்’னு கேட்டுடுங்க. முதல் வகைக்கு ஜூம், இரண்டாவது வகைக்கு யூடியூப் நேரலை.

இதுல ரெண்டு இடம் கவனம். புது யூடியூப் சேனல்ல நேரலை வசதியை முதல் முறை இயக்கினா அது செயல்பட 24 மணி நேரம் வரை ஆகலாம். அன்னைக்குக் காலையில தொடங்கினா நடக்காது. ஜூம்லயும் நேரலை வசதியை அதோட வலைத்தள அமைப்புல முன்கூட்டியே இயக்கி வைக்கணும். கூட்டம் ஆரம்பிச்ச பிறகு தேடினா அந்தப் பொத்தானே மெனுவுல இருக்காது. நேரலையை ‘அன்லிஸ்டட்’ஆ வைங்க, இணைப்பு கையில இருக்கிறவங்க மட்டும் பார்ப்பாங்க. முதல் நாளே ஒரு சோதனை ஒளிபரப்பு போட்டு, வேற ஒரு கைபேசியில சத்தம் கேக்குதான்னு பாருங்க. படம் வந்து சத்தம் வராததுதான் வழக்கமான கோளாறு.

கணக்கர்

வருகைக்கு ஜூம் அறிக்கையை நம்பலாம், ஒரு நிபந்தனையோடு: கூட்டத்தை ஜூமின் முன்பதிவு (ரெஜிஸ்ட்ரேஷன்) வசதியுடன் அமைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் வெறும் இணைப்பைக் கொடுத்தால் அறிக்கையில் மின்னஞ்சல் நிரல் பெரும்பாலும் காலியாக இருக்கும். பெயர் நிரலில் ‘ரெட்மி’, ‘ஐஃபோன்’, ‘அம்மா மொபைல்’ என்று வரும். அவர்கள் யார் என்று பிறகு கண்டுபிடிக்க வழியில்லை.

அறிக்கையில் ஒருவருக்கு ஒரு வரிசை என்று எண்ணிவிடாதீர்கள். இணைப்பு அறுந்து திரும்ப வந்தால் ஒவ்வொரு முறையும் புது வரிசை. தரவிறக்கும் முன் ஒரே நபரின் வரிசைகளைச் சேர்த்துக் காட்டும் தெரிவு இருக்கிறது, அதை டிக் செய்யலாம். அல்லது விரிதாளில் மின்னஞ்சலை வைத்து நிமிடங்களைக் கூட்டலாம். கூட்டும்போது ஒரு பொறி: கைபேசி, மடிக்கணினி இரண்டிலும் ஒரே நேரத்தில் இருந்தவருக்கு 90 நிமிட அமர்வில் 170 நிமிடம் வரும். பார்த்தால் சிரிப்பாக இருக்கும். ஆனால் இரண்டு கருவியிலும் 40 நிமிடம் மட்டும் இருந்துவிட்டுப் போனவருக்கு 80 வரும், அது கண்ணில் படாமல் தேறிவிடும். அதனால் இரண்டு வரிசைகளின் நேரம் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறதா என்று, குறைந்தது எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்காவது, பாருங்கள்.

எல்லைக்கோட்டை முன்பே அறிவித்துவிடுங்கள். ஆறு அமர்வில் ஐந்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 65 நிமிடம் என்பது நியாயமான அளவு. ‘முழு வருகை கட்டாயம்’ என்று போட்டுவிட்டுப் பிறகு மின்வெட்டுக்காகத் தளர்த்தினால், தளர்த்தச் சொல்லி நூறு மின்னஞ்சல் வரும்.

யூடியூப்பில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது மட்டுமே தெரியும், யார் என்று தெரியாது. அவர்களுக்கு வருகைப் படிவம்தான் வழி.

துறைப்பொறுப்பு

நன்றி. வருகைப் படிவத்தின் இணைப்பைத்தான் நண்பர்களுக்கு அனுப்பிவிடுகிறார்களே? நிகழ்ச்சிக்கே வராதவர்களும் நிரப்பி விடுகிறார்கள்.

கணக்கர்

இணைப்பு பரவுவதைத் தடுக்க முடியாது, பரவினாலும் பயன்படாதபடி செய்யலாம். அமர்வின் நடுவில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை, பயிற்றுநர் வாயால் ஒரு சொல் சொல்லட்டும். திரையில் எழுதக் கூடாது, எழுதினால் அதன் திரைப்பிடிப்பு நண்பர்களுக்குப் போய்விடும். படிவத்தில் அந்த இரண்டு சொற்களும் கட்டாயக் கேள்வி. கூடவே அன்றைய பாடத்திலிருந்து ஒரு சிறு கேள்வி. படிவம் பத்து நிமிடம் திறந்திருக்கட்டும், பிறகு பதில் ஏற்பதை நிறுத்திவிடுங்கள். யூடியூப் நேரலை 20 விநாடியோ அதற்கு மேலோ பின்தங்கி ஓடும் என்பதால் ஜூம் முடிந்தவுடன் மூடிவிடாதீர்கள். சொற்களையும் சேர்த்து நண்பருக்கு அனுப்புகிறவர் ஓரிருவர் இருப்பார்கள்தான். அவர்களைத் துரத்திக்கொண்டிருந்தால் வேலை நடக்காது.

மின்னஞ்சல்தான் பதிவையும் வருகையையும் சான்றிதழையும் கோக்கும் நூல். ஒரு எழுத்து மாறினால் மூன்றும் தனித்தனி ஆளாகிவிடும். ‘ஜிமெயில் டாட் காம்’ இல் கடைசி எழுத்து ‘என்’ ஆகிவிடுவது அன்றாடம் நடப்பது. பதிந்த அன்றே உறுதி மின்னஞ்சல் அனுப்புங்கள். திரும்பி வருவதெல்லாம் தவறான முகவரி, படிவத்தில் கேட்ட கைபேசி எண் வழியாக உடனே திருத்திவிடலாம். விரிதாளில் ஒப்பிடும் முன் எல்லா முகவரிகளையும் சிற்றெழுத்தாக்கி, முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை நீக்குங்கள். கைபேசி விசைப்பலகை தானாகச் சேர்க்கும் கடைசி வெற்றிடம் கண்ணுக்குத் தெரியாது, பொருத்தம் மட்டும் விழாது.

அச்சுக்கூடம்

சான்றிதழுக்கு வருகிறேன். கூகுள் ஸ்லைட்ஸில் ஒரு வார்ப்புரு. பெயர், கல்லூரி, சான்றிதழ் எண் வரவேண்டிய இடங்களில் குறிச்சொற்கள். விரிதாளில் ‘ஆட்டோகிராட்’ போன்ற இணைப்புநிரல் (ஆட்-ஆன்) ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பிடிஎஃப் செய்து அனுப்பிவிடும். முறை எளிது, உதைப்பது அளவுகளில்தான்.

சாதாரண ஜிமெயிலில் கையால் அனுப்பினால் ஒரு நாளைக்கு 500 வரை போகும். அதை நம்பி 400 பேருக்கு நிரல் வழியாக அனுப்ப முயன்றால் நூறோடு நின்றுவிடும், ஏனென்றால் கூகுள் ஸ்கிரிப்ட் வழி அனுப்ப சாதாரணக் கணக்குக்கு நாளொன்றுக்கு 100 பெறுநர்தான். நிறுவன வொர்க்ஸ்பேஸ் கணக்கானால் 1500. கல்லூரிக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் நான்கு நாளாகப் பிரித்து அனுப்பத் திட்டமிடுங்கள். ஸ்கிரிப்ட் ஒரே ஓட்டத்தில் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடாது, நடுவில் நிற்கும். விரிதாளில் ‘அனுப்பியது’ என்று ஒரு நிரல் வைத்து, ஒவ்வொரு அஞ்சல் போனதும் அதில் குறிக்கச் செய்யுங்கள். அது இல்லாமல் மறுபடி ஓட்டினால் ஏற்கெனவே பெற்றவர்களுக்கு இரண்டு சான்றிதழ் போகும்.

வார்ப்புருவைச் சோதிக்கும்போது சின்னப் பெயரை வைத்துப் பார்க்காதீர்கள். பட்டியலிலேயே நீளமான பெயரையும் நீளமான கல்லூரிப் பெயரையும் ஒரே சான்றிதழில் போட்டுப் பாருங்கள். பெயர் இரண்டாம் வரிக்கு மடங்கிக் கையெழுத்தின் மேல் ஏறுவது அப்போதுதான் தெரியும். ஆங்கிலப் பெயர்களில் முதலெழுத்தைப் பேரெழுத்தாக்கும் ‘ப்ராப்பர்’ சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள். புள்ளி இல்லாமல் ஒட்டி எழுதிய இரண்டு இனிஷியல்களில் இரண்டாவதை அது சிற்றெழுத்தாக்கிவிடும். எல்லாம் பேரெழுத்தில் அச்சாகும்படி வார்ப்புருவை அமைத்தால் இந்தத் தலைவலியே இல்லை. அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

அனுப்பும் முன், தகுதி பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்வைக்கு மட்டும் என்று பகிர்ந்து, திருத்தம் சொல்ல இரண்டு நாள் கொடுங்கள். அதில் எண்ணும் பெயரும் கல்லூரியும் போதும். கைபேசி எண், மின்னஞ்சல் உள்ள மூலத் தாளையே பகிர்வது பெரிய தவறு. ஒரு நிரலை மறைத்து வைத்தாலும் நகலெடுத்தவர் அதைத் திறந்துவிடலாம். தனிக் கோப்பாக்கிப் பகிருங்கள். அதே பட்டியல் பிறகு சான்றிதழ் எண்ணைச் சரிபார்க்கவும் உதவும்.

பின்னணிப் படத்தைச் சுருக்குங்கள். ஐந்து எம்பி படம் வைத்தால் ஒவ்வொரு பிடிஎஃபும் அந்த எடையைச் சுமந்து போகும்.

கட்டளைவரி

செய்முறைக்கு, உலாவியிலேயே பைத்தானை ஓட்ட விடும் கூகுள் கோலாப் போதும். 400 கணினிகளில் பைத்தான் நிறுவ வைப்பது வேண்டாத வேலை, முதல் நாள் முழுவதும் அதிலேயே போகும். நோட்புக்கை (நிரலும் விளக்கமும் சேர்ந்த கோலாப் கோப்பு) பார்வை அனுமதியோடு மட்டும் பகிர்ந்து, ‘உங்கள் டிரைவில் ஒரு நகல் சேமியுங்கள்’ என்பதை முதல் கட்டளையாக்குங்கள். திருத்த அனுமதி கொடுத்தால் முந்நூறு பேரும் ஒரே கோப்பில் கை வைப்பார்கள்.

தரவுக் கோப்பைக் கோலாபில் பதிவேற்றச் சொல்லாதீர்கள். அமர்வு அறுந்தால் கோப்பும் போய்விடும், திரும்பப் பதிவேற்ற வேண்டும். இணையத்திலிருந்து நேராக வாசிக்கும்படி முகவரி கொடுங்கள். டிரைவ் பகிர்வு இணைப்பை அப்படியே ஒட்டினால் பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸ் பிழை காட்டும், ஏனென்றால் அந்த முகவரி தருவது ஒரு வலைப்பக்கத்தை, சிஎஸ்வி கோப்பை அல்ல. கோப்பைக் கிட்ஹப் தளத்தில் ஏற்றி, கோப்பை மட்டும் தரும் ‘ரா’ முகவரியை எடுத்துக் கொடுப்பது சுலபம்.

கைபேசிக்காரர்களுக்குக் குறிப்பாக இரண்டு பிழைகள் வரும். வரியின் முதல் எழுத்தை விசைப்பலகை தானாகவே பேரெழுத்தாக்கும். பைத்தானுக்குச் சிறிய ‘பி’யில் தொடங்கும் பிரிண்ட் வேறு, பெரிய ‘பி’ வேறு. ‘நேம் எரர்’ வரும். இன்னொன்று மேற்கோள் குறி. வேர்டு, ஸ்லைடு, சில கைபேசி விசைப்பலகைகள் நேரான மேற்கோளை வளைந்ததாக மாற்றிவிடும், அதை ஒட்டினால் ‘இன்வேலிட் கேரக்டர்’ என்று நிற்கும். எனவே நிரலை ஸ்லைடிலிருந்து நகலெடுக்க விடாதீர்கள், நோட்புக்கிலேயே எழுதி வையுங்கள். கைபேசியில் இருப்பவர் ஓட்டி, எண்களை மட்டும் மாற்றிப் பார்க்கட்டும்.

ஒரே கைபேசியில் ஜூமும் கோலாபும் மாறி மாறிப் பார்ப்பவர் பயிற்றுநரின் வேகத்துக்கு வர முடியாது. பத்து நிமிடம் காட்டுங்கள், எட்டு நிமிடம் பேசாமல் விடுங்கள். அந்த எட்டு நிமிட மௌனத்தைப் பல பயிற்றுநர்கள் தாங்க மாட்டார்கள், முன்பே சொல்லி வையுங்கள். எழுத்தளவைப் பெரிதாக்கி, உலாவியையும் 150 விழுக்காட்டுக்கு ஏற்றுங்கள். மடிக்கணினியில் சரியாகத் தெரிவது கைபேசியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும்.

25, 30 பேருக்கு ஓர் உதவியாளர் தேவை, மூத்த மாணவர்கள் போதும். ‘வரவில்லை சார்’ என்று அரட்டையில் எழுதினால் உதவ முடியாது. பிழைச் செய்தியின் கடைசி வரியை ஒட்டச் சொல்லுங்கள், காரணம் அநேகமாக அதில்தான் இருக்கும்.

மேடைக்குப்பின்

விடுபட்டவை மட்டும். பயிற்றுநருக்கு ஹோஸ்ட் பொறுப்பு வேண்டாம். ஒருவர் ஹோஸ்ட், ஒருவர் உள்ளே விடவும் ஒலியடைக்கவும், ஒருவர் அரட்டைக்கு, ஒருவர் யூடியூப்புக்கு. பங்கேற்பாளர் திரை பகிர்வதையும் தாமாகப் பெயர் மாற்றுவதையும் முதலிலேயே அடைத்துவிடுங்கள். இணைப்பு பொதுவெளியில் சுற்றினால் குழப்பம் செய்ய ஒருவர் வந்தே தீருவார். அப்படி நேர்ந்தால் ‘ஹோஸ்ட் டூல்ஸ்’ மெனுவில் (பழைய பதிப்புகளில் ‘செக்யூரிட்டி’) எல்லோருடைய செயல்பாட்டையும் ஒரே சொடுக்கில் நிறுத்தும் வசதி இருக்கிறது, அது எங்கே என்று ஹோஸ்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கூட்டத்தைக் கணினியில் ஒளிப்பதிவு (ரெக்கார்டிங்) செய்தால், முடிந்தபின் அதைக் காணொளிக் கோப்பாக மாற்றும் வேலை நடக்கும். அது முடியும்வரை மூடாதீர்கள். மூடிவிட்டாலும் பதட்டம் வேண்டாம், பதிவுக் கோப்புறையில் ‘டபுள் கிளிக் டு கன்வர்ட்’ என்ற பெயரில் இருப்பதைச் சொடுக்கினால் பெரும்பாலும் மீண்டுவிடும். சிறு அறைகளாகப் (பிரேக்அவுட் ரூம்) பிரித்தால், ஜூமின் சேவையகத்தில் சேமிக்கும் மேகப்பதிவு முதன்மை அறையை மட்டுமே எடுக்கும்.

துறைப்பொறுப்பு

மிகவும் பயனுள்ள பதில்கள். கடைசியாக ஒன்று: பின்னூட்டப் படிவம் நிரப்பினால்தான் சான்றிதழ் என்று வைக்கலாமா?

கணக்கர்

வைக்கலாம், ஐந்து கேள்விக்கு மேல் போகாமல். இருபது வைத்தால் எல்லாவற்றுக்கும் ‘மிக நன்று’ என்று தட்டிவிட்டுப் போவார்கள். எந்த அமர்வில் பின்தங்கினீர்கள், ஏன் என்ற ஒரு திறந்த கேள்வியைக் கட்டாயம் சேருங்கள். வருகைப் படிவத்தோடு இதைக் கலக்காதீர்கள், அது பத்து நிமிடத்தில் மூடுவது. இது மூன்றாம் நாள் மாலை தொடங்கி இரண்டு நாள் திறந்திருக்கட்டும், பெயர்ப் பட்டியல் திருத்தத்துக்கான அதே இரண்டு நாள்.