பன்னிரண்டு மா, கிடை, தாளடி, நாலு பல்: டெல்டா வழக்குகளுக்கு விளக்கம் தேவை

கேள்வி (புதிய உழவர், மன்னார்குடி வட்டம்)
வணக்கம். குடும்ப நிலத்தை வரும் பருவத்திலிருந்து நானே பார்த்துக்கொள்ளவிருக்கிறேன். இதுவரை குத்தகைக்குச் செய்துவந்த பெரியவர், “பன்னிரண்டு மா நிலம், கோடையில் கிடை போடுங்கள், தண்ணீர் நேரத்தோடு வந்தால் குறுவையும் தாளடியும், இல்லாவிட்டால் ஒரே சம்பா” என்று சொல்லிச் சென்றார். மாட்டுத் தரகரோ, “நாலு பல், தலையீற்றுச் சினை, உம்பளச்சேரி” ஒன்று இருப்பதாகக் கூறுகிறார். இவற்றை வைத்து நான் எதை முடிவு செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (கடைமடை உழவர்)
12 அடிக்கு 12 அடி கொண்டது ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட் என்பதால், உங்கள் நிலம் நான்கு ஏக்கருக்குச் சற்றே குறைவு. சிட்டாவில் (நில உரிமைப் பதிவில்) 1.60 ஹெக்டேரை ஒட்டி இல்லையென்றால் முதலில் அளந்துவிடுங்கள்.

பருவம்தான் யோசிக்க வேண்டியது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. அந்தத் தண்ணீரை நம்பி ஆடுதுறை 36, 43 போன்ற 110 நாள் நெல் ரகங்களை நடுவது குறுவை. அதை அறுத்தபின் நிற்கும் தாளை மடக்கி உழுது மறுபடியும் நடுவது தாளடி. இரண்டுக்கும் நடுவே அவகாசம் மிகக் குறைவு. குறுவை பத்து நாள் பின்தங்கினாலும், அதன் கதிர் மழையில் சாயும், தாளடி நடவு வேர் பிடிக்கும் முன்பே ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் மூழ்கும். சம்பா ஆவணியை ஒட்டித் தொடங்கித் தையில் அறுக்கும் ஒரே போகம். ஐந்து மாதம் நிற்கும் சி.ஆர். 1009 அதற்குத் தோதான ரகம். உங்கள் வயல் கடைமடையில், அதாவது வாய்க்காலின் கடைசிப் பகுதியில், இருந்தால், வாய்க்காலில் தண்ணீரைக் கண்ணால் பார்க்காமல் குறுவையில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

பதில் 2 (பம்புசெட் விவசாயி)
மேலே உள்ளது ஆற்றுப் பாசனத்துக்குப் பொருந்தும். ஆழ்துளைக் கிணறு இருப்பவர்கள் அணை திறக்கும் முன்பே நாற்றுவிட்டு, மழைக்கு முன் குறுவையை அறுத்துவிடுகிறார்கள். ஆனால் கடலோரப் பக்கம் நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் என்பதால், நீரைப் பரிசோதிக்காமல் இதை நம்ப முடியாது.

பதில் 3 (ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்)
அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் (ஆடு மேய்ப்பவர்கள்) ஆட்டு மந்தைகளை ஓட்டிவருவார்கள். இரவில் மந்தையை வயலில் அடைத்து, புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் சேரும்படி, அடைப்பை நாளுக்கு ஓரிடமாக மாற்றிப் போடுவதே கிடை. கூலியைப் பேசும்போதே எத்தனை ஆடு, எத்தனை இரவு என்று தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். கிடை எழுந்தவுடன் உழுதுவிட வேண்டும். வெயிலில் கிடந்தால் தழைச்சத்தின் ஒரு பகுதி காற்றோடு போய்விடும்.

மாட்டுக்கு நாலு பல் என்றால், பால்பல் விழுந்து நாலு நிலைப்பல் முளைத்திருக்கிறது, மூன்று வயதை ஒட்டியது என்று பொருள். எட்டுப் பல்லும் சேர ஏறத்தாழ ஐந்து வயதாகும். தலையீற்று என்பது முதல் கன்று என்பதால், அதன் கறவையைப் பற்றித் தரகர் சொல்வதற்கு ஆதாரம் எதுவும் இருக்க முடியாது. உம்பளச்சேரி சேற்று உழவுக்கென்றே பெயர்பெற்ற டெல்டா இனம். வீட்டுக்குப் போதுமான பால் தரும், விற்பனைக்கு எதிர்பார்க்கக் கூடாது. சுழி (உடல் முடிச்சுழல்) பார்த்து ராசி சொல்லும் பேச்சை விட்டுவிட்டு, மடியையும் குளம்பையும் பாருங்கள். சினைக்காலம் சுமார் 280 நாள்கள். எத்தனை மாதச் சினை என்பதைத் தரகரிடம் கேட்காமல், கால்நடை மருத்துவரைக் கொண்டு பரிசோதித்த பிறகே முன்பணம் கொடுங்கள்.