பிங் போகிறது, பில் போகவில்லை: மேற்குப் பக்கத்து மூன்று கிளைகளும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன

குமரிக்காத்து (வியாழன், மாலை 4.05)

நாகர்கோவிலில் பெயிண்ட், பிளம்பிங் சாமான் விற்கிற கடையில் எனக்கு அக்கவுண்டன்ட் வேலை. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதும் என் தலையில்தான். வடசேரியில் தலைமைக் கடை, சர்வர் அங்கே மாடியில். கிளைகள் ஐந்து: பூதப்பாண்டி, திங்கள்சந்தை, மார்த்தாண்டம், கருங்கல், அருமனை. எல்லாம் ஒரு பெரிய டெலிகாம் கம்பெனியின் எம்பிஎல்எஸ் விபிஎன் என்கிற தனி லைன் வழியாக வடசேரிக்கு வருகிறது. கம்பெனி பெயர் வேண்டாம், விடுங்கள்.

இன்று காலை 11.20 வாக்கில் மார்த்தாண்டத்தில் இருந்து போன். "அண்ணே, பில்லு சுத்திட்டே நிக்கு." பத்து நிமிடத்துக்குள் கருங்கலும் அருமனையும் அதையே சொன்னார்கள். பூதப்பாண்டிக்கும் திங்கள்சந்தைக்கும் ஒரு குறையும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற சீசன் வேறு. மார்த்தாண்டத்தில் பெயிண்டர்கள் பக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். கார்பன் வைத்த பழைய பில் புத்தகத்தைத் தூசி தட்டி எடுக்கச் சொன்னேன்.

விசித்திரம் என்னவென்றால், பில்லிங் சாஃப்ட்வேர் திறக்கிறது, பாஸ்வேர்டு ஏற்கிறது, வாடிக்கையாளர் பெயரை அடித்தால் வருகிறது. ஆனால் ஸ்டாக் லிஸ்ட்டைத் திறந்தால் அப்படியே உறைந்துவிடுகிறது. லைன் போகிறதா என்று பார்க்கிற சின்னச் சோதனையான பிங்கை 200 தடவை அடித்தேன், ஒன்றுகூடத் தொலையவில்லை. போய்வர வழக்கமாக 4 மில்லிசெகண்ட் காட்டும், இன்று 19 காட்டுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹெல்ப்டெஸ்க்கில், "லிங்க் அப்ல இருக்கு சார், உங்க சாஃப்ட்வேர பாருங்க" என்கிறார்கள். சாஃப்ட்வேர்காரர், "நெட்வொர்க்க பாருங்க சார்" என்கிறார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ரூட்டரை மூன்று முறை ஆஃப் செய்து ஆன் செய்தாயிற்று. 19 மில்லிசெகண்டுக்கெல்லாம் ஒரு சாஃப்ட்வேர் உறைந்துபோகுமா?

செம்பருத்தி (4.22)

நேற்று ராத்திரி தக்கலைப் பக்கம் நல்ல இடி. மீடியா கன்வர்ட்டர், அதான் ஃபைபரையும் ரூட்டரையும் இணைக்கிற பெட்டி, அடி வாங்கியிருக்கும். எங்கள் ஆபீஸில் வருஷத்துக்கு இரண்டு போகிறது. எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

குமரிக்காத்து (4.30)

மூன்று ஊரிலும் ஒரே நிமிடத்திலா அக்கா? அதுவும் காலை வெயிலில்? ஆனாலும் மார்த்தாண்டத்தில் கன்வர்ட்டரை மாற்றிப் பார்த்துவிட்டோம். அதேதான்.

கருங்கல்காரன் (4.48)

எங்கள் பைனான்ஸ் ஆபீஸிலும் இன்று பதினொன்றரை முதல் இதே கதை. நாங்களும் அதே கம்பெனி லைன்தான். நகைக்கடன் விவரம் போகிறது, நகையின் போட்டோ ஏற மாட்டேன் என்கிறது. மதியம் நாகர்கோவிலுக்குப் பைக்கில் வரும்போது வில்லுக்குறி தாண்டி ரோட்டோரம் ஜேசிபி ஒன்று நின்றது. பக்கத்தில் பெரிய குடையை விரித்து, இரண்டு பையன்கள் மடியில் ஸ்ப்ளைசிங் மெஷினை வைத்து ஃபைபர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். யாருடைய ஃபைபர் என்று கேட்கவில்லை, மழை தூறிக்கொண்டிருந்தது.

பழைய எக்ஸ்சேஞ்ச் (5.15)

தம்பி, நான் தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த 19ஐ விட்டுவிடாதீர்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. ஃபைபரில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். 4 எப்படி 19 ஆயிற்று? போக வர 15 கூடுதல், ஒரு வழிக்கு ஏழரை. அதாவது ஏறத்தாழ 1500 கிலோமீட்டர் அதிகம். வடசேரியில் இருந்து மார்த்தாண்டம் 30 கிலோமீட்டர் சொச்சம். உங்கள் டேட்டா இப்போது சென்னை வரை போய், திருவனந்தபுரம் வழியாக இறங்கி மார்த்தாண்டம் வருகிறது என்று வைத்தால் கணக்கு ஓரளவு ஒத்துவருகிறது. கருங்கல் தம்பி பார்த்த ஜேசிபியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

சுற்றி வருவதில் தப்பில்லை, அதற்குத்தானே மாற்றுப் பாதை. ஆனால் அந்தப் பாதை தினமும் ஓடுகிற பாதை இல்லை. அதில் எங்கேயோ ஒரு குறுகல் இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். விண்டோஸ் பிங் சும்மா அடித்தால் 32 பைட்தான் அனுப்பும். சைக்கிள் போய்விட்டது என்று லாரி போகும் என்று சொல்ல முடியாது. பிங், இடைவெளி, மைனஸ் எஃப், இடைவெளி, மைனஸ் எல் 1472, பிறகு மார்த்தாண்டத்து ஐபி முகவரி, இப்படி அடியுங்கள். எஃப், எல் இரண்டும் சின்ன எழுத்து. எஃப் போட்டால் பாக்கெட்டை, அதாவது டேட்டாக் கட்டை, வழியில் யாரும் துண்டு போடக் கூடாது என்று அர்த்தம். 1472 போகவில்லை என்றால் ஒவ்வொன்றாகக் குறைத்து, எந்த எண்ணில் போகிறது என்று எழுதுங்கள். என்ன மெசேஜ் வருகிறது என்பதும் முக்கியம்.

குமரிக்காத்து (5.52)

ஐயா, கை நடுங்குகிறது. மார்த்தாண்டத்துக்கு 1472 போகவில்லை. 1464 போகிறது. 1465 போகவில்லை. கருங்கல், அருமனை இரண்டுக்கும் அதே 1464தான். பூதப்பாண்டிக்கு 1472 சுகமாகப் போகிறது.

"துண்டு போட வேண்டும்" என்கிற மெசேஜ் வரவே இல்லை. வெறும் "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்"தான்.

பழைய எக்ஸ்சேஞ்ச் (6.20)

அருமை. 1464உடன், பிங் பாக்கெட்டின் தலையில் எப்போதும் இருக்கிற ஐபி, ஐசிஎம்பி ஹெடர் 28 பைட்டைக் கூட்டினால் 1492. முழு அளவு 1500. சரியாக 8 குறைகிறது. எம்பிஎல்எஸ்ஸில் ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் லேபிள் ஒட்டுவார்கள், ஒரு லேபிள் 4 பைட். விபிஎன் என்றால் இரண்டு: வெளி லேபிள் எந்த ரூட்டருக்குப் போக வேண்டும் என்று சொல்லும், உள் லேபிள் எந்த வாடிக்கையாளர் என்று சொல்லும். 1500க்கு மேல் 8 ஏறி 1508 ஆகிவிட்டது. வழியில் இருக்கிற ஏதோ ஒரு ஸ்விட்ச்சில் 1500க்கு மேல் விடாதே என்று அமைத்து வைத்திருக்கிறார்கள்.

பிபிபிஓஇ என்கிற பிராட்பேண்ட் லைனிலும் இதே 1492 வரும், குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே ரூட்டரே "பாக்கெட் பெரிசு" என்று திருப்பிச் சொல்லும். உங்களுக்கு வெறும் மௌனம். பேசாமல் தூக்கிப் போடுவது ஸ்விட்ச்சின் வேலை, அதற்கு ஐபி பாஷை தெரியாது. திரும்பிச் சொல்ல ஆளில்லாததால் உங்கள் சர்வர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். பாஸ்வேர்டு சின்னது, போய்விட்டது. ஸ்டாக் லிஸ்ட் பெரிசு.

இன்னொன்று. கடைசி ரூட்டருக்கு முந்தினதிலேயே வெளி லேபிளைக் கழற்றிவிடுவது வழக்கம். குறுகல் அந்தக் கடைசிக் கட்டத்தில் இருந்தால் 4தான் குறைந்திருக்கும், 1496 வந்திருக்கும். 8 குறைவதால் பிரச்சினை நடுவழியில். உங்கள் கடை வாசலில் எதையும் கழற்ற வேண்டாம்.

இப்போதைக்கு வடசேரி ரூட்டரில் டிசிபி எம்எஸ்எஸ்ஸை, அதாவது ஒரு பாக்கெட்டில் ஏற்றுகிற டேட்டாவின் உச்ச அளவை, 1360க்கு இறக்குங்கள். 1452 வரை போகும், ஆனால் இன்று யாருக்கும் நூல் பிடித்து அளக்க நேரமில்லை. இரண்டு பக்கமும் புதிதாகத் தொடர்பு தொடங்கிக் கை குலுக்கும்போதே இனி சின்னச் சின்னதாக அனுப்புவோம் என்று பேசிக்கொள்ளும்.

ஹெல்ப்டெஸ்க்கில் "பில்லிங் ஸ்லோ" என்று சொன்னால் வேலைக்காகாது. "11.20 முதல் மேற்கே மூன்று இடங்கள், 1464 போகிறது, 1465 போகவில்லை, தாமதம் 4ல் இருந்து 19, மாற்றுப் பாதையில் எம்டியு பாருங்கள்" என்று எழுதிக் கொடுத்து டாக்கெட் நம்பர், அதாவது புகார் எண், வாங்குங்கள். எம்டியு என்றால் ஒரு பாதை விடுகிற பாக்கெட்டின் உச்ச அளவு.

மொத்தமாகப் படுத்தால் ஊரே கத்தும். 1998 ஏப்ரல் 13ல் அமெரிக்காவில் ஏடி அண்ட் டியின் ஃப்ரேம் ரிலே நெட்வொர்க் படுத்தது, கம்பெனிகளின் கிளைகளை இணைக்கிற அந்தக் காலத்து நெட்வொர்க். ஒரு ஸ்விட்ச்சின் டிரங்க் கார்டில் சாஃப்ட்வேர் மாற்றப் போய், அது மற்ற ஸ்விட்ச்சுகளுக்கெல்லாம் நிர்வாகச் செய்திகளைக் கொட்டித் திணறடித்துவிட்டது. சரிசெய்ய ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. 2022 ஜூலை 8ல் கனடாவில் ராஜர்ஸ் கம்பெனி ஒரு ரூட்டிங் ஃபில்டரை எடுத்துவிட்டு, நாடு முழுக்க அதன் வாடிக்கையாளர்களுக்குப் போனும் இல்லை, நெட்டும் இல்லை, கடைகளில் டெபிட் கார்டும் தேய்க்க முடியவில்லை. சரிசெய்ய வேண்டிய அவர்கள் ஆட்களிலேயே பலரால் ஒருவரை ஒருவர் கூப்பிட முடியவில்லை, அவர்கள் கையில் இருந்ததும் அதே போன்தான். ஆனால் அதில் "லிங்க் அப்ல இருக்கு சார்" என்று யாரும் வாதாட முடியாது. உங்களுடையது பாதி உயிரோடு இருப்பது. எனக்கு இதுதான் பயம்.

குமரிக்காத்து (இரவு 7.40)

வடசேரி மைக்ரோடிக் ரூட்டரில் 1360 போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து நிமிடம் வியர்த்து ஊற்றியது. அப்புறம்தான் உறைத்தது: கை குலுக்கும்போதுதான் அளவு பேசுவார்கள் என்றால், ஏற்கெனவே திறந்து கிடக்கிற சாஃப்ட்வேருக்கு அது எப்படித் தெரியும்? மூன்று கிளைகளிலும் மூடித் திறக்கச் சொன்னேன். கருங்கலும் அருமனையும் உடனே ஓடின. மார்த்தாண்டத்தில் மட்டும் ஓடவில்லை. "மூடுனியா?" "மூடுனேன் அண்ணே." பார்த்தால் மானிட்டரை ஆஃப் செய்து ஆன் செய்திருக்கிறாள். இப்போது மூன்றும் ஓடுகிறது. டாக்கெட் நீங்கள் சொன்ன வாசகத்திலேயே கொடுத்தாயிற்று.

கருங்கல்காரன் (8.05)

எங்கள் ரூட்டர் கம்பெனி கொடுத்தது, பாஸ்வேர்டு எங்களிடம் இல்லை. ஆனால் 1464 இங்கேயும் அப்படியே வருகிறது. நானும் அதே வாசகத்தில் ஒரு டாக்கெட் போட்டுவிட்டேன்.

பழைய எக்ஸ்சேஞ்ச் (வெள்ளி, காலை 6.10)

ராத்திரி ஃபைபரை ஒட்டியிருப்பார்கள். காலையில் 4 மில்லிசெகண்ட் வந்திருந்தால், "சரியாயிற்று, டாக்கெட்டை மூடலாமா" என்று போன் வரும். மூடச் சம்மதிக்காதீர்கள். அந்த ஸ்விட்ச் அப்படியேதான் இருக்கும், அடுத்த ஜேசிபி வரும்வரை.

குமரிக்காத்து (திங்கள், மதியம் 12.30)

சொன்னது சொன்னபடி. வெள்ளி காலை ஏழு மணிக்கு 4 மில்லிசெகண்ட், எட்டு மணிக்கு டாக்கெட்டை மூடச் சொல்லிப் போன். மாட்டேன் என்றேன். மேல்மட்டத்தில் இருந்து ஒரு இன்ஜினியர் பேசினார், நல்ல மனிதர். மாற்றுப் பாதையில் கேரளப் பக்கம் இருக்கிற ஒரு ஸ்விட்ச்சை மாற்றியபோது எம்டியுவை ஏற்ற மறந்துவிட்டார்களாம். ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு எங்களை அந்தப் பாதையில் திருப்பிவிட்டார்கள். நான் வீட்டில் இருந்தே மார்த்தாண்டத்துக்கு 1472 அடித்தேன். 19 மில்லிசெகண்ட் காட்டியது, ஆனால் அனுப்பிய நான்கு பிங்கும் திரும்பி வந்தன. 1360ஐ இன்னும் எடுக்கவில்லை, தைரியம் வரவில்லை.

இப்போது மார்த்தாண்டத்தில் இருந்து மறுபடியும் போன். "அண்ணே, கார்பன் பில்லு 43 கிடக்கு. யாரு ஏத்துவா?"